விண்டோஸ் விசையும் ஒரு புள்ளியும்: மின்னஞ்சலில் குறியீடு இடும் பலகைக்கு ஒரு மதிப்புரை

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் கொட்டேஷன் அனுப்புவது என் வேலை. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மின்னஞ்சல்கள் போகும். அவற்றின் வாசகம் பெரும்பாலும் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் எண்களும், எண்களுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் குறியீடுகளும்தான். விலைக்கு முன்னால் ₹, அளவுக்கு நடுவில் ±, விட்டத்துக்கு முன்னால் ⌀, வெப்பநிலைக்குப் பின்னால் °, நீளத்துக்கும் அகலத்துக்கும் இடையில் ×. இவற்றில் ஒன்று பிறழ்ந்தாலும் பட்டறையில் ஒரு ஷாஃப்ட் வீணாகும், இல்லையென்றால் வாடிக்கையாளரிடமிருந்து தொலைபேசி வரும்.

எனக்குத் தொலைபேசிதான் வந்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றுக்கு ₹4,850 என்று விலை எழுதி அனுப்பிய மறுநாள் காலையில், பல ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் ஒருவர் அழைத்து, “ஏனுங்க, ஒரே மாசத்துல விலை மூணு மடங்கு ஏறிருச்சுங்களா?” என்று கேட்டார். அவர் கையில் வைத்திருந்த அச்சுப் பிரதியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ரூபாய்க் குறி இருக்க வேண்டிய இடத்தில் தலையில் தொப்பி வைத்த ஓர் ஆங்கில எழுத்து, அதன் காலடியில் காற்புள்ளி போல ஒன்று, அதையடுத்துச் சற்றே மேலேறி நிற்கும் பொடி ¹, அதன் பிறகு 4,850. அவசரமாகப் பார்க்கும் எவரும் அதை 14,850 என்றுதான் வாசிப்பார்கள். அவரும் அப்படியே வாசித்திருந்தார்.

அந்தப் பொடி ஒன்று எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் மின்னஞ்சலில் குறியீடு இடுவதைப் பற்றி ஓரளவு கற்றுக்கொண்டேன். கணினிக்கு ₹ என்பது 8377 என்ற எண். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடு அந்தக் குறிக்குக் கொடுத்திருக்கும் கதவு எண் அது. மின்னஞ்சலில் போகும்போது, இன்று வழக்கத்தில் இருக்கும் யுடிஎஃப்-8 முறைப்படி, அந்த ஒரு குறி 226, 130, 185 என்று பைட்டு எனப்படும் மூன்று சிறு துண்டுகளாகப் பிரிந்து போகிறது. வாங்கும் பக்கத்து மென்பொருள் இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வாசித்தால் ரூபாய் கிடைக்கும். பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனி எழுத்தாக வாசித்தால் 226 தொப்பி எழுத்தாகவும், 130 காற்புள்ளி போன்ற கீழ் மேற்கோளாகவும், 185 அந்தப் பொடி ஒன்றாகவும் வந்து நிற்கும். ± குறிக்கும் ° குறிக்கும் இவ்வளவு ஆபத்து இல்லை. அவை இரண்டு பைட்டுகளாகப் போகின்றன. தவறாக வாசிக்கப்பட்டாலும் முன்னால் ஒரு தொப்பி எழுத்து கூடுதலாக வருமே தவிர, குறி அப்படியே இருக்கும். ரூபாய்க்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

இது அனுப்பியவரின் தவறும் அன்று, குறியின் தவறும் அன்று. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது ஆங்கில எழுத்துகள், எண்கள், சில நிறுத்தக்குறிகள் என 128 இடங்கள் மட்டுமே கொண்ட அட்டவணையை நம்பி எழுதப்பட்டது. மற்ற எழுத்துகளையும் இணைப்புகளையும் மூட்டை கட்டி அனுப்பும் ‘மைம்’ என்ற ஏற்பாடு 1992-இல் வந்தது. மூட்டையின் மேல் என்ன சீட்டு ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமலேயே அவிழ்க்கும் பழைய மென்பொருள்கள் இன்னும் சில அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது, சரியான குறியை, சரியான கதவு எண்ணோடு, சிரமமில்லாமல் இடுவது மட்டுமே.

அதற்காக நான் பார்த்த வழிகளில் அன்றாடம் நிலைத்துவிட்டது விண்டோஸில் உள்ளேயே இருக்கும் இமோஜிப் பலகை. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் எழுதிக்கொண்டிருக்கும் இடத்தருகே ஒரு சிறிய சாளரம் திறக்கும். விண்டோஸ் 10-இல் இது 2017-இல் வந்தபோது சிரிக்கும் முகங்களுக்காக மட்டுமே வந்தது. 2019 மே மாதப் பதிப்பில்தான் அதில் குறியீடுகளுக்கென்று தனித் தாவல் சேர்ந்தது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களில் பலர் முதல் பக்கத்து முகங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் விளையாடும் சமாச்சாரம் என்று மூடிவிடுகிறார்கள். நானும் ஓராண்டு அப்படித்தான் மூடினேன். நமக்கு வேண்டிய சரக்கு கடைசித் தாவல்களில் இருக்கிறது.

குறியீட்டுத் தாவலுக்குள் நிறுத்தக்குறிகள், நாணயங்கள், இலத்தீன் எழுத்துகள், வடிவங்கள், கணிதக் குறிகள் என்று பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். கர்சரை மின்னஞ்சலில் வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, பலகையைத் திறந்து, குறியைச் சொடுக்கினால் அது நேராக அங்கே போய் உட்காரும். நகலெடுப்பதும் ஒட்டுவதும் இல்லை. பிரௌசரில் திறந்த ஜிமெயிலாக இருந்தாலும், அவுட்லுக்காக இருந்தாலும், மின்னஞ்சலின் தலைப்பு வரியாக இருந்தாலும் ஒன்றுபோலவே வேலை செய்கிறது. ஜிமெயிலில் எழுதுபவர்களுக்கு இது பெரிய உதவி. அதன் எழுதும் சாளரத்தில் இமோஜிக்குப் பொத்தான் உண்டே தவிர, கூகுள் டாக்ஸில் இருப்பது போல் சிறப்புக் குறியீடுகளைத் தேடி எடுக்கும் பெட்டி கிடையாது. கையால் வரைந்து காட்டினால் குறியைக் கண்டுபிடித்துத் தரும் அந்த டாக்ஸ் பெட்டியிலிருந்து எடுத்து வந்து ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு ± குறிக்காக ஒரு புதிய கோப்பைத் திறப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

பலகையின் மிகப் பெரிய சிறப்பு, அண்மையில் பயன்படுத்திய குறிகளை அது நினைவில் வைத்திருப்பது. என்னைப் போல் ஐந்தாறு குறிகளையே திரும்பத் திரும்ப இடுபவருக்கு, இரண்டு நாள் பழகியதும் தேடல் என்ற வேலையே இல்லாமல் போகிறது. திறந்தவுடன் முதல் வரிசையிலேயே ₹, ±, ×, ° நான்கும் காத்திருக்கின்றன.

குறை என்று பார்த்தால், இமோஜியைப் பெயர் சொல்லித் தேடலாம். குறியீடுகளை அப்படித் தேட முடிவதில்லை. முதல் முறை ஒரு குறியைக் கண்டுபிடிக்க வரிசை வரிசையாக உருட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அடுக்குமுறையும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. மளிகைக் கடையில் சாமானை வந்த வரிசையிலேயே அலமாரியில் ஏற்றிவிட்டதுபோல் இருக்கிறது. எழுத்துகள் பொடியாக இருப்பதால், கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றுபோல் தோற்றமளிக்கும் குறிகளிடையே வேறுபாடு தெரிவது கடினம். இங்குதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

நாணயப் பிரிவில் ₹ மட்டுமல்ல, ₨ என்ற குறியும் இருக்கிறது. இது பழையது. ஆங்கிலத்தில் ரூபாய்க்கு எழுதும் இரண்டெழுத்துச் சுருக்கத்தை ஒரே குறியாக நெருக்கி வைத்தது. எந்த நாட்டு ரூபாய் என்றும் சொல்லாது. நம் ₹ தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் மும்பை ஐஐடியில் ஆய்வு மாணவராக இருந்தபோது வடிவமைத்தது. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 6.0-இல் இடம்பெற்றது. ஒரு நாட்டு நாணயக் குறி மூன்றே மாதத்தில் உலகத் தரத்துக்குள் போய்ச் சேர்ந்தது வேகம்தான். ஆனால் கணினிகள் அந்த வேகத்துக்கு வரவில்லை. விண்டோஸ் 7-க்குத் தனிப் புதுப்பிப்பு 2011-இல் வந்தது. அதைப் போடாத இயந்திரங்களில் ரூபாய் வெறும் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டத்துக்கு எழுத்துரு வடிவமைப்பாளர்கள் ‘டோஃபு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோயா பனீர்த் துண்டு போல இருப்பதால் வந்த பெயர். கூகுளின் நோட்டோ எழுத்துருக்கள், இந்த டோஃபுவே கண்ணில் படக் கூடாது என்ற கருத்தில் அந்தப் பெயரைப் பெற்றவை.

விட்டக் குறியிலும் இதே கதைதான். டிராயிங்கில் நாம் போடும் வட்டமும் கோடும் யூனிகோடில் ⌀ என்று, 8960-ஆம் எண்ணில், தனிக் குறியாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் மின்னஞ்சலில் இடுவது அதையன்று. டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் வழங்கும், நடுவில் கோடு போட்ட ஓர் உயிரெழுத்தை. பார்வைக்கு ஒன்றுதான், வாசிப்பவருக்கும் புரிந்துவிடும். ஆனால் அந்த மின்னஞ்சலிலிருந்து அளவுகளை எடுத்து அட்டவணையில் போட்டு, பிறகு விட்டக் குறியை வைத்துத் தேடினால் பாதி வரிகள் கிடைக்காது. பாகைக் குறியிலும் இரட்டை வேடம் உண்டு. ° என்பதும், ஸ்பானிய மொழியில் ‘முதலாவது, இரண்டாவது’ என்று எண்ணுக்கு மேல் எழுதும் பொடி வட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மட்டுமே வேறுபடும். ஆப்பிள் கணினியில் ஆப்ஷன் விசையுடன் பூஜ்யத்தை அழுத்துபவர்களுக்கு வருவது அந்த ஸ்பானிய வட்டம். உண்மையான பாகைக்கு ஆப்ஷன், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். எங்களுக்கு டிராயிங் அனுப்பும் ஒரு வடிவமைப்பாளர் இதைப் பல ஆண்டுகளாக மாற்றித்தான் போட்டுக்கொண்டிருந்தார். சொன்ன பிறகுகூட நம்பவில்லை.

ரூபாய்க்கு மட்டும் பலகை தேவையே இல்லை. இந்தியாவில் விற்கும் விசைப்பலகைகளில் 4-ஆம் எண் விசையின் மூலையில் ₹ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலப்பக்கத்து ஆல்ட் விசையோடு அதை அழுத்தினால் ரூபாய் வர வேண்டும், பலருக்கு வருவதில்லை. அச்சிட்டவர் மீது குற்றமில்லை. கணினி அமெரிக்க ஆங்கில விசை அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். மொழி அமைப்புகளுக்குப் போய் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ விசைப்பலகையைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அந்த நிமிடமே வேலை செய்யும். எங்கள் அலுவலகத்துப் புதிய கணினியில் முதல் நாளே நான் செய்த காரியம் இதுதான். தினம் நூறு முறை விலை எழுதுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் தட்டும் பழைய முறையை இன்னும் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பாகைக்கு 0176, கூட்டல்-கழித்தலுக்கு 0177, பெருக்கலுக்கு 0215. இவை பெரும்பாலும் எங்கும் வேலை செய்யும், வலப்பக்கத்து எண் பகுதி உள்ள விசைப்பலகையாக இருந்தால். சிறிய மடிக்கணினிகளில் அந்தப் பகுதியே இல்லாததால் முறையே பயனற்றுப் போகிறது. 8377 என்று தட்டி ரூபாய் வரவழைப்பது இன்னொரு கண்ணாமூச்சி. வேர்டிலும், வேர்டையே எழுதுகருவியாகக் கொண்ட பழைய வகை அவுட்லுக்கிலும் வரும். பிரௌசரில் ஜிமெயிலைத் திறந்து அதையே தட்டினால், எண் 255-ஐத் தாண்டியதால், 256-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டு, 185-ஆம் இடத்தில் இருக்கும் ஏதோ ஒரு குறியைக் கொண்டுவந்து வைத்துவிடும். என் கணினியில் வந்தது ╣ என்ற இரட்டைக்கோட்டுச் சந்திப்பு. மறுபடியும் அதே 185. இம்பெல்லர் விலையில் பொடி ஒன்றாக வந்து நின்றதும் அதுவே என்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

பலகையில் கிடைக்காததைத் தேட, விண்டோஸ் 3.1 காலத்திலிருந்து இருந்துவரும் ‘கேரக்டர் மேப்’ இன்றும் கைகொடுக்கிறது. அதன் தோற்றம் பழைய இரும்புக் கடைத் தராசு போல இருந்தாலும், எடை சரியாகக் காட்டுகிறது. ஒவ்வொரு குறியையும் தொட்டால் கீழே அதன் பெயரும் யூனிகோடு எண்ணும் தெரியும். புதிய பலகையில் இல்லாமல் நான் தவிக்கும் இன்னொரு வசதி இது. எது பாகை, எது ஸ்பானிய வட்டம் என்று ஐயம் வந்தால் இதைத் திறந்துதான் தீர்த்துக்கொள்கிறேன்.

தமிழில் மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கு இந்தப் பழைய கருவியில் ஒரு புதையல் இருக்கிறது. நிர்மலா எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தமிழ்ப் பகுதிக்கு இறங்கினால், நம் எழுத்துகளின் கடைசியில் ௳ ௴ ௵ ௶ ௷ ௸ ௹ ௺ என்ற எட்டுக் குறிகள் வரிசையாக நிற்கும். நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண். கிரயப் பத்திரங்களிலும் செட்டியார் கடைக் கணக்கு நோட்டுகளிலும் பார்த்த அதே குறிகள். யூனிகோடில் இவை 2003-இல் 4.0 பதிப்போடு சேர்ந்தன. ₹ பிறப்பதற்கு ஏழாண்டுகள் முன்பே தமிழ் ரூபாய்க் குறியான ௹ கணினியில் இடம் பிடித்துவிட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்து வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் எழுதும்போது ௸ குறியை நான் பயன்படுத்துகிறேன். “௸ பொருள்களுக்கான விலை கீழே” என்று எழுதினால், ஐம்பதைத் தாண்டியவர்கள் மகிழ்ச்சியோடு வாசிக்கிறார்கள். இளையவர்கள் மின்னஞ்சலில் ஏதோ கோளாறு என்று எண்ணித் திருப்பிக் கேட்கிறார்கள். ௹ குறியை மட்டும் கொட்டேஷனில் இடுவதில்லை. விலை விஷயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

இனி, எந்தக் கருவியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில எழுதுகருவிகளில் ‘சிம்பல்’, ‘விங்டிங்ஸ்’ போன்ற எழுத்துருக்களிலிருந்து குறியை எடுத்து வைக்கும் வழி இருக்கிறது. இது உண்மையில் குறியை இடுவதே இல்லை. சாதாரண ஆங்கில எழுத்து ஒன்றுக்கு வேறு சட்டையை மாட்டிவிடுகிறது. சட்டை இருக்கும் கணினியில் அழகாகத் தெரியும், இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் எழுத்து வெளியே வந்துவிடும். அவுட்லுக்கில் சிரித்த முகம் வைத்து அனுப்பியவரின் மின்னஞ்சலில், வாக்கியத்தின் முடிவில் காரணமில்லாமல் ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தானியங்கித் திருத்தம் மாற்றி வைத்த விங்டிங்ஸ் முகம் அது. அந்த எழுத்துருவில் ‘ஜே’ இருக்கும் இடத்தில்தான் முகத்தை வரைந்திருக்கிறார்கள்.

முகம் போனால் போகட்டும். மைக்ரான் போனால் என்ன ஆகும்? சிம்பல் எழுத்துருவில் ‘எம்’ என்ற சிற்றெழுத்தின் இடத்தில் மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து வரையப்பட்டிருக்கிறது. அதை வைத்து ‘5 மைக்ரான்’ என்று குறியீட்டில் எழுதி அனுப்பினால், எழுத்துரு இல்லாத இடத்தில் கிரேக்க எழுத்து மறைந்து இரண்டு ‘எம்’கள் மட்டும் நிற்கும், அதாவது 5 மில்லிமீட்டர். ஆயிரம் மடங்கு வேறுபாடு, அதுவும் எந்தக் கட்டமோ கேள்விக்குறியோ இல்லாமல், பார்ப்பதற்கு முற்றிலும் சரியான ஓர் அளவாக. எங்களுக்கு ஒரு முறை புஷ் ஒன்றின் மேற்பரப்புச் சொரசொரப்பு இப்படித்தான் மில்லிமீட்டரில் வந்தது. லேத்தில் நின்றவர் சிரித்துவிட்டுக் கேட்டதால் பிழைத்தோம். மருந்தின் அளவு எழுதுபவர்களுக்கு இது சிரிக்கும் விஷயமாக இருக்காது. மைக்ரோகிராமுக்கு இந்தக் கிரேக்க எழுத்தைத் தவிர்த்து வேறு சுருக்கமோ முழுச் சொல்லோ எழுதுமாறு மருத்துவத் துறையில் வற்புறுத்துவதும் இது மில்லிகிராமாக வாசிக்கப்பட்டுவிடும் என்ற அச்சத்தால்தான்.

பாமினி எழுத்துருவில் மின்னஞ்சல் எழுதிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ‘தமிழ்’ என்று ஆசையாகத் தட்டி அனுப்பினால், எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகப் போய்ச் சேரும். மின்னஞ்சலோடு எழுத்துருவையும் இணைத்து அனுப்பிய நாட்கள் அவை. மொழிக்கு அந்தத் தொல்லை யூனிகோடால் தீர்ந்தது. குறியீடுகளில் மட்டும் நாமே தெரியாமல் பழைய பாமினி வழிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். விண்டோஸ் பலகையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுவே: அது சட்டை மாற்றுவதில்லை, உண்மையான குறியையே இடுகிறது. விங்டிங்ஸில் இருந்த படங்கள்கூட 2014-இல் யூனிகோடு 7.0-இல் சொந்தக் கதவு எண்களைப் பெற்றுவிட்டதால், அந்த எழுத்துருவைத் தொடுவதற்கு இனி எந்த நியாயமும் இல்லை.

தானியங்கித் திருத்தத்தை முழுவதும் பழிக்கவும் மாட்டேன். கூட்டல், சாய்கோடு, கழித்தல் மூன்றையும் தட்டினால் ± ஆகும்படி நானே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன், மிகவும் உதவுகிறது. ஆனால் அதில் முன்கூட்டியே இருக்கும் சில விதிகள் வேண்டாத விருந்தாளிகள். ஆங்கிலத்தில் நிபந்தனைகளை அடைப்புக்குறிக்குள் எழுத்திட்டு வரிசைப்படுத்தும்போது மூன்றாவது நிபந்தனை © என்று காப்புரிமைக் குறியாக மாறிவிடும். உடனே பின்னழி விசையைத் தட்டினால் பழையபடி ஆகும். கவனிக்காமல் அனுப்பினால் நம் கட்டண நிபந்தனைக்கு யாரோ காப்புரிமை வாங்கியதுபோல் இருக்கும். முதல் வேலையாக அந்த விதியை நீக்கிவிடுங்கள்.

கைப்பேசியில் இந்தப் பாடே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூகுளின் கைப்பேசி விசைப்பலகையான ஜிபோர்டில் எண்கள் பக்கத்துக்குப் போனால் ₹ அங்கேயே இருக்கும். கூட்டல் குறியை அழுத்திப் பிடித்தால் ±, ஒன்றை அழுத்திப் பிடித்தால் ½, ¼ முதலிய பின்னங்கள். அடுத்த பக்கத்தில் ×, ÷, ° மூன்றும். கணினியில் தேடி அலுத்துப்போகும் நாட்களில், கைப்பேசியில் மின்னஞ்சலைத் தொடங்கி அந்தக் குறிகளை மட்டும் இட்டு, வரைவாக விட்டுவிட்டு, மேசைக்கு வந்து மீதியை எழுதுகிறேன். ஒரே கணக்கில் நுழைந்திருந்தால் வரைவு இரண்டு இடத்திலும் இருக்கும். சற்றே கோமாளித்தனமான வழிதான், ஆனால் அவசரத்துக்கு உதவும்.

ஆகவே என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. தேடல் வசதியும், குறியின் பெயரையும் எண்ணையும் காட்டும் ஒரு வரியும் இருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். தனிக் காசு எதுவும் இல்லை, நிறுவ வேண்டியதும் இல்லை. ஆங்கிலமும் தமிழும் கலந்து வணிக மின்னஞ்சல் எழுதும் எவருக்கும் முதலில் இதையும், ரூபாய்க்கு மட்டும் இந்திய விசை அமைப்பையும், தமிழ்க் குறிகளுக்குக் கேரக்டர் மேப்பையும் பழகிக்கொள்ளச் சொல்வேன்.

தலைப்பு வரியில் மட்டும் நான் எந்தக் குறியும் இடுவதில்லை. உடலில் இருக்கும் எழுத்துகளை விடத் தலைப்பில் இருப்பவை வேறொரு முறையில், தனிச் சங்கேத வடிவுக்கு மாற்றப்பட்டுத்தான் பயணிக்கின்றன. பழைய மென்பொருளின் பல் முதலில் படுவதும் அங்குதான். உடலிலும், ₹ இட்ட ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் எழுத்தால் ஒரு முறை எழுதிவிடுகிறேன். இம்பெல்லர் விலை கேட்டு அழைத்தவரின் அலுவலகத்தில் அந்த மென்பொருள் இன்னும் மாறவில்லை. சென்ற மாதம்கூட எங்கள் கொட்டேஷன் அங்கே தொப்பியும் பொடி ஒன்றுமாகத்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் இந்த முறை அவர் அழைக்கவில்லை. ஐந்தாயிரத்து இருநூறு ரூபாய் என்று எழுத்தில் இருந்ததைப் பார்த்து, அதே தொகைக்கு ஆர்டர் அனுப்பியிருந்தார்.